பழைய அப்பர் தாம்சன் சாலைக் கயிற்றுப் பாலம்: எஞ்சியுள்ள எழுபது மந்திகளுக்கு இது போதுமா?

தாம்சன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணியளவில், உயர்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டில் படிக்கும் என் மகளுடன் சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்காவை ஒட்டிய பழைய அப்பர் தாம்சன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே இலைகள் சலசலக்கவே இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். சாலையின் இருபுறத்து மரங்களுக்கும் இடையே கட்டப்பட்டிருக்கும் கயிற்றுப் பாலத்தின் முனையில் கரிய குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. நீர்த்தேக்கங்களின் அருகே நாம் வழக்கமாகப் பார்க்கும் பழுப்பு நிறக் குரங்கு அன்று அது. தொடையின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. வால் ஒரு முழக் கயிறுபோல் நேராகத் தொங்கியது. கயிற்றை ஒரு கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து மறுபக்கம் போனது. அதன் பின்னால் வந்த தாயின் வயிற்றில் வெள்ளைக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியின் முதுகில் சிலுவைபோல் ஒரு கருங்கோடு. மொத்தம் ஐந்து குரங்குகள் கடந்தன. கீழே வந்த காரோட்டி ஒருவரும் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தேடியதில் அது ராஃபிள்ஸ் பெயரைத் தாங்கிய பட்டைக் குரங்கு என்றும், சிங்கப்பூரில் எழுபதைச் சுற்றியே மிஞ்சியிருக்கிறது என்றும் தெரிந்துகொண்டோம். அப்போது என் மகள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மரத்துக்கு மரம் தாவும் விலங்குக்கு ஒற்றைச் சாலையைக் கடக்கக் கயிறு ஏன் தேவைப்படுகிறது? எழுபது என்பது ஓர் இனம் நிலைத்திருக்கப் போதுமான எண்ணிக்கையா? இதைப் பற்றித் தமிழ் வகுப்பில் பேச விரும்புகிறாள். அந்தக் குரங்கைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது என்பதும் அவளுடைய ஐயம். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிளைநோக்கி (பதில் 1)

வணக்கம் ஐயா. சில ஆண்டுகளாக இந்தக் குரங்குகளைக் கணக்கெடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் ஒரே காலையில் பார்த்ததைப் பார்க்க நாங்கள் பல வாரங்கள் விடியற்காலையில் கழுத்து வலிக்க நின்றிருக்கிறோம். உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்து.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். இலை தின்னும் இந்த வகைக் குரங்குகளை மந்தி என்று அழைப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பழந்தமிழில் மந்தி பெண் குரங்கைக் குறித்தாலும், நீலகிரியில் வாழும் இலையுண்ணிக் குரங்கைக் கருமந்தி என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே வெண்பட்டை மந்தி என்று உங்கள் மகள் சொன்னால் கேட்பவர்களுக்குக் குழப்பம் வராது. பழுப்பு நிறத்தில் நாம் அன்றாடம் காணும் நீள்வால் குரங்கு வேறு இனம்; அது தரையிலும் திரியும், குப்பைத் தொட்டியையும் திறக்கும். மந்தி அப்படி இல்லை. துளிரிலை, காய், விதை எல்லாம் அதற்கு மரத்தின் மேலேயே கிடைத்துவிடுகின்றன. மனிதரை நாடி அது வருவதில்லை.

இந்த இனத்தை அறிவியல் உலகம் 1838ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கிடைத்த விலங்கை வைத்துத்தான் முதன்முதலில் பதிவு செய்தது. நம் தீவிலும் மலேசியத் தீபகற்பத்தின் தென்பகுதியிலும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. முன்பு சுமத்திராவில் வாழும் மந்திகளையும் இதோடு சேர்த்து ஒரே இனம் என்று எண்ணியிருந்தார்கள். காட்டில் சேகரித்த எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்து, அவை தனித்தனி இனங்கள் என்று 2020இல் காட்டினார்கள். அந்த முடிவு வந்ததும் நம் மந்தியின் உண்மை நிலை வெளிப்பட்டது. மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் அது இப்போது இருக்கிறது.

இனி உங்கள் மகளின் கேள்வி. மந்தியால் சில மீட்டர் இடைவெளியைத் தாவ முடியும். ஆனால் இருவழிச் சாலை என்றால் தார்ப்பகுதி, இரு ஓரத்துப் புல்வெளி, வடிகால் எல்லாம் சேர்ந்து இரண்டு மரக்கிளைகளுக்கும் இடையே நெடுந்தொலைவு ஆகிவிடுகிறது. தாவ முடியாத மந்திக்குத் தரையில் இறங்கி ஓடுவதைத் தவிர வழியில்லை. தரையில் அதற்குப் பழக்கமும் இல்லை, தற்காப்பும் இல்லை. 1987இல் புக்கிட் தீமா வனத்தில் எஞ்சியிருந்த கடைசி மந்தி நாய்களால் கடிபட்டு இறந்தது. அதற்கு முந்தைய ஆண்டான 1986இல்தான் புக்கிட் தீமா விரைவுச்சாலை அந்த வனத்தை, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்திருந்தது. சாலை வந்ததால்தான் அந்த மந்தி இறந்தது என்று நேராக முடிச்சுப் போட முடியாது. அதற்கு முன்பே அங்கு மந்திகள் அருகிவிட்டன. ஆனால் அது போன பிறகு இன்னொரு கூட்டம் அங்கே வந்து குடியேறுவதற்குச் சாலை வழிவிடவில்லை என்பது உறுதி. புக்கிட் தீமாவில் வானுயர்ந்த மரங்களும் மந்திக்கு வேண்டிய உணவும் இன்றைக்கும் இருக்கின்றன. மந்திதான் இல்லை.

எழுபது போதுமா என்பதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்வது கடினம். 1990களில் பத்துப் பதினைந்துதான் இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்து இந்த எண்ணிக்கைக்கு வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அத்தனை மந்திகளும் அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள் ஆகையால் அவற்றின் மரபணுவில் வேறுபாடு மிகக் குறைவு. ஒரு கூட்டத்தில் வளர்ந்த இளம் மந்தி அடுத்த கூட்டத்தைத் தேடிப் போனால்தான் இரத்தம் கலக்கும். நடுவில் ஒரு சாலை குறுக்கிட்டாலே அந்தப் பயணம் நின்றுவிடுகிறது. நீங்கள் பார்த்த கயிறு அந்தப் பயணத்துக்காகவே கட்டப்பட்டது. எத்தனை ஹெக்டர் காடு மிச்சம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்; அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

பழைய_ரயில்வீட்டார் (பதில் 2)

தாம்சன்வாசி தம்பிக்கும் கிளைநோக்கி அம்மாவுக்கும் வணக்கம். எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. என் தந்தையார் மலாயா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர். புக்கிட் தீமா நிலையத்துக்கு அருகிலேயே எங்கள் குடியிருப்பு இருந்தது. விரைவுச்சாலை போடுவதற்கு முன்னிருந்த அந்தக் காட்டை நான் பார்த்தவன் என்பதால் சில சொற்கள் எழுதுகிறேன்.

அந்நாளில் மழை விட்ட மாலைகளில் பறக்கும் குரங்கு என்று நாங்கள் அழைத்த விலங்கைப் பார்ப்போம். அது குரங்கும் அன்று, பறப்பதும் அன்று என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். கொலுகோ என்பது அதன் பெயர். கழுத்திலிருந்து வால் நுனிவரை தோல் விரிப்பு ஒன்று அதற்கு உண்டு. பகலெல்லாம் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தி சாய்ந்ததும் நாற்கோணமாக விரிந்து ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மிதந்து போகும். ஒவ்வொரு மிதப்பிலும் உயரத்தை இழக்கும் ஆதலால், போய்ச் சேரும் மரத்தில் மறுபடியும் ஏறித்தான் அடுத்ததற்குப் போக முடியும். அடுத்த மரம் எட்டவில்லை என்றால் அதன் பாதை அங்கேயே முடிந்தது. கொலுகோ இன்றும் இரு வனங்களிலும் இருக்கிறது. அந்த மட்டில் நிம்மதி.

சாலை போட வந்த இயந்திரங்களின் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உட்லண்ட்ஸுக்கு விரைவாகப் போகலாம் என்று மகிழ்ந்தோம். காட்டை நடுவே பிளக்கிறார்கள் என்ற எண்ணமே எழவில்லை. இருபுறமும் மரங்கள் நிற்கத்தானே செய்கின்றன என்று நினைத்தோம். அம்மையார் எழுதியதைப் படித்தபோது அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பது மனத்தில் தைத்தது.

அதே காலத்தில் நம்மவர் ஒருவர் வேறு விதமாக நினைத்தார் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். சுபராஜ் ராஜதுரை கல்லூரியில் விலங்கியல் படித்தவர் அல்லர். காட்டில் நடந்தே கற்றவர். சுங்கை பூலோ சதுப்பு நிலத்தைக் காப்பாற்றவும், லோவர் பியர்ஸ் காட்டில் குழிப்பந்து (கோல்ஃப்) திடல் அமைக்கும் திட்டத்தைத் தடுக்கவும் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தாரோடு நின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். சுங்கை பூலோ 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கை வனப்பகுதியானது. லோவர் பியர்ஸில் மரங்கள் இன்றும் நிற்கின்றன. தாம்சன்வாசி பார்த்த மந்திகள் நடமாடும் அதே நீர்ப்பிடிப்புக் காட்டின் ஒரு பகுதி அது. 2019 அக்டோபரில் அவர் காலமானார். தம்பியின் மகள் வகுப்பில் பேசும்போது அவர் பெயரையும் ஒருமுறை சொன்னால் என் மனம் நிறையும்.

எங்கள் தண்டவாளத்தைப் பற்றியும் ஒரு செய்தி. 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் ஓடியது. மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். அதைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் ஒரே பசுமைத் தடமாக விட்டு வைக்க வேண்டும் என்று இயற்கைச் சங்கம் முந்தைய ஆண்டே முன்மொழிவு எழுதியிருந்தது. இன்று அது நடைபாதையாகவும் விலங்குகளின் வழியாகவும் இருக்கிறது. என் தந்தையார் நடந்து நடந்து திருகாணி முடுக்கிய அந்தப் பாதையில் இப்போது என் பேரப்பிள்ளைகளோடு நடக்கிறேன்.

தெங்காவாசி (பதில் 3)

மேலே எழுதிய பெரியவர்கள் மீது மதிப்பு வைத்தே ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். என் மனைவியும் நானும் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, சென்ற ஆண்டுதான் தெங்கா புதுநகரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவியைப் பெற்றோம். நாங்கள் குடியேறியிருக்கும் இடமும் ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்த நிலமாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். 735 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவில் மக்களுக்கு வீடும் வேண்டும், ரயிலும் வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் மறுப்புச் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? எழுபது விலங்குகளுக்காகப் பாலம் கட்டும் பணத்தை வேறு வகையில் செலவிடலாமே என்று என் அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது என்னால் மறுத்துப் பேச இயலவில்லை. மனமறிந்து கேட்கிறேன், பதில் வேண்டும்.

கிளைநோக்கி (பதில் 4)

நேர்மையான கேள்வி, நன்றி, தம்பி. நானும் அங் மோ கியோவில் வீவக வீட்டில்தான் வசிக்கிறேன். வீடுகள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் உங்கள் தெங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகரின் திட்டத்தில் 100 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட காட்டுத் தடம் ஒன்று இருக்கிறது. மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தையும் இணைக்கும் வழியாக அதை வரைந்திருக்கிறார்கள். அந்தத் தடத்தைத் திட்டத்திலேயே சேர்க்காமல் விட்டிருந்தால், பின்னாளில் எவ்வளவு செலவழித்தாலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு காட்டு வழியை நுழைக்க முடியாது. வீடு கட்டுவதோடு எனக்கு வழக்கு இல்லை. எங்கே கட்டுகிறோம், எந்தக் கோட்டை அறுக்கிறோம் என்பதில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது.

100 மீட்டர் போதுமா என்றால், ஆழ்ந்த காட்டு விலங்குகளுக்குப் போதாது என்பது என் கருத்து. காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் உள்ளே நுழைகின்றன, மண் உலர்கிறது, நிழலில் வளர்ந்த பெரிய மரம் புயல்மழையில் வேரோடு சாய்கிறது, அந்த இடத்தில் கொடிகள் மண்டுகின்றன. ஒடுங்கிய காட்டுக்கு ஓரம் மட்டுமே உண்டு, உள் இல்லை. ஆயினும் அணிலும் சிறு பறவையும் மரநாயும் அத்தகைய தடத்தைப் பயன்படுத்தும். இல்லாததைவிட அது பல மடங்கு மேல். நீங்கள் அங்கேயே வசிப்பதால், அந்தத் தடத்தில் மரங்கள் எப்படி வளர்கின்றன, இரவு விளக்குகள் எவ்வளவு ஒளியை உள்ளே வீசுகின்றன என்பதைக் கவனித்து எழுத உங்களால்தான் முடியும்.

ரயிலைப் பற்றியும் சொன்னீர்கள். குறுக்குத் தீவு ரயில் பாதை நீர்ப்பிடிப்பு வனத்தைச் சுற்றிப் போக வேண்டுமா, அடியில் போக வேண்டுமா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. 2019 டிசம்பரில் நேர்வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். வனத்துக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் செல்லும் என்றும், வனத்தின் மேற்பரப்பில் கட்டுமானப் பணி இருக்காது என்றும் அறிவித்தார்கள். சுற்றுவழியையே விரும்பியவர்களில் நானும் ஒருத்தி. இருப்பினும் 1986இல் எவரும் கேட்காத கேள்வியை இம்முறை பலரும் கேட்டார்கள், அதனால் திட்டத்தின் வடிவம் மாறியது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலத்துக்கான செலவு முன்பே அறுத்ததைத் தைக்கும் செலவு. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே, விலங்குகள் கடப்பதற்காக 2013இல் திறக்கப்பட்ட எக்கோலிங்க் பாலம் 62 மீட்டர் நீளமும், மிக ஒடுங்கிய இடத்திலேயே 50 மீட்டர் அகலமும் கொண்டது. மண் நிரப்பி, இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, காடு வளரட்டும் என்று விட்டார்கள். அழுங்கு என்னும் செதில் போர்த்த எறும்புதின்னியும் மரநாயும் அதில் நடந்ததைப் படக்கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. மந்திகளுக்கு அது மட்டும் போதாது. மேலே கிளையும் கிளையும் கோக்கும் அளவுக்கு மரங்கள் உயர வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். கயிற்றுப் பாலம் அந்த இடைக்காலத்துக்கானது.

இரவோட்டி (பதில் 5)

அழுங்கு என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். நான் இரவில் சரக்கு வண்டி ஓட்டுபவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நள்ளிரவு தாண்டி மண்டாய் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, சாலை நடுவே தேங்காய் மட்டைபோல் ஒன்று கிடந்தது. விளக்கை மங்கலாக்கி அருகே மெதுவாகச் சென்று நிறுத்தினேன். அது அசைந்தது. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் இருந்தன. ஓரங்களில் நகத்தின் நிறம். என் காலடிச் சத்தம் கேட்டதும் மூக்கை வயிற்றுக்குள் நுழைத்து முழு உருண்டையாகச் சுருண்டுவிட்டது. புலியின் பல்லே நுழையாத உருண்டை அது. ஆனால் என் வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் அது எதற்கும் உதவாது. ஆபத்து வந்தால் ஓடாமல் அதே இடத்தில் சுருண்டு கிடக்கும் வழக்கம்தான் சாலையில் அதைக் கொல்கிறது என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

அபாய விளக்கைப் போட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை அழைத்தேன். தொட வேண்டாம், தள்ளி நின்று கண்காணியுங்கள் என்றார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். உருண்டை மெல்ல அவிழ்ந்தது. முதலில் மூக்கு, பிறகு முன்னங்கால். சாலையோரப் புல்லுக்குள் போய், நான் பார்த்திருக்கும்போதே காட்டுக்குள் மறைந்தது. அன்றைக்குச் சரக்கு தாமதமானதற்காக என் மேலாளர் கடிந்துகொண்டார், நான் வருந்தவில்லை. அந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டும் நண்பர்கள் எல்லோரிடமும் இரவில் வேகத்தைக் குறைக்கும்படி அன்றுமுதல் சொல்லி வருகிறேன். அதற்குப் பிறகு மண்டாய் லேக் சாலைக்கு மேலேயும் 2019இல் ஒரு விலங்குப் பாலம் வந்துவிட்டது.

குரங்குகளுக்கு உணவு கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமார் என்று வணங்கி வாழைப்பழம் போடுவோர் நம்மவர்களிலும் உண்டு. வண்டி சன்னலிலிருந்து பழம் விழும் இடத்துக்குக் குரங்கு மறுநாளும் வரும், குட்டியோடு வரும், சாலையிலேயே காத்திருக்கும். அடுத்த வண்டி நின்று போகும் என்று யார் உறுதி கூற முடியும்? 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. அபராதத்துக்கு அஞ்சாவிட்டாலும், அந்தக் குட்டியை நினைத்துப் பார்த்தாவது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாம்சன்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் நேற்று இரவு மகளுக்குப் படித்துக் காட்டினேன். 1987இல் இறந்த அந்தக் கடைசி மந்தியைப் பற்றிய பகுதி வந்ததும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். ரயில்வீட்டுப் பெரியவருக்கு: சுபராஜ் அவர்களின் பெயரைத் தன் குறிப்பில் முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறாள். வகுப்பில் காட்டுவதற்காகத் தீவின் வரைபடம் ஒன்றையும் வரைகிறாள்; காடுகளைப் பச்சையிலும் சாலைகளைச் சிவப்பிலும் தீட்டிவிட்டு, பாலங்கள் உள்ள இடங்களில் சிறு கறுப்புக் கோடு போட்டிருக்கிறாள். தெங்காவின் தடத்தைப் புள்ளிக்கோடாக வைத்திருப்பதாகவும், தெங்காவாசி அங்கிருந்து எழுதியபின் அதை நிறைவு செய்வதாகவும் சொல்லச் சொன்னாள்.

கிளைநோக்கி அம்மையாரிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. மந்திக் கணக்கெடுப்பில் பதின்மூன்று வயதுப் பிள்ளை பெற்றோருடன் சேர்ந்து கலந்துகொள்ள இயலுமா? விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.